அங்கீகாரமற்ற கண்டக்டர்

ஆரணியில் பிறந்தவர்கள், ஆரணிக்குப் பிழைக்க வந்தவர்கள், ஆரணியில் பஸ் மாறுவதற்காகக் கால் மணி நேரம் நின்றவர்கள் என்று அத்தனை பேரையும் ஒரு தடவையாவது திட்டித் தீர்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தெருக் கண்டக்டர். அவரிடம் திட்டு வாங்காமல் யாராவது இந்த ஊரைக் கடந்திருந்தால், அவர்கள் தூங்கிக்கொண்டே கடந்திருக்க வேண்டும்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. கேட்டால், "பேரத் தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற, கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போறியா?" என்பார். அதனால் கேட்பதை விட்டுவிட்டோம். இதனால் பிற்பாடு ஸ்டேஷனில் எங்கள் மானம் போன கதை ஒன்று இருக்கிறது. அது பிறகு.

அவர் உண்மையிலேயே கண்டக்டராக இருந்தவர்தான். தேவிகாபுரம் பக்கம் போகும் தனியார் பஸ் ஒன்றில் வேலை. படியில் தொங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ரத்தம் கொதிக்கும். ஒரு முகூர்த்த நாள், பஸ்ஸில் நிற்க இடமில்லை. படியில் ஒரு வெள்ளை வேட்டி தொங்கிக்கொண்டு வந்தது. இவர் ஒரு விசில் கொடுத்தார். பஸ் நின்றது.

"எறங்குய்யா கீழ."

"யோவ், நான் யாருன்னு தெரியுதா?"

"படியில தொங்கறவன்."

"இந்த பஸ்ஸே என்னுதுய்யா."

"பஸ்ஸு உன்னுது. படி என்னுது. யாரக் கேட்டு நிக்கற? எறங்கு."

முதலாளியை நடு ரோட்டில் இறக்கிவிட்டு இரண்டு விசில் கொடுத்தார். பஸ் கிளம்பிற்று. அது தேவிகாபுரம் போய்ச் சேருவதற்குள் வேலை போய்விட்டது. காக்கிச் சட்டையையும் விசிலையும் ஒப்படைக்கச் சொன்னபோது, "சட்ட நான் தெச்சது, விசிலு நான் வாங்கனது" என்று சொல்லிவிட்டு, இரண்டோடும் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டார். பகலில் ஒரு அரிசி மில்லில் காவல் வேலை. உறவு என்று யாரும் வந்து பார்த்ததில்லை. வந்திருந்தால் அவர்களும் திட்டு வாங்கியிருப்பார்கள்.

எங்கள் தெரு பட்டு நெசவுத் தெரு. நெய்வதற்கு முன்னால் பாவைத் தெருவில் நீட்டியாக வேண்டும். பாவு என்பது புடவையின் நீளவாக்கில் ஓடும் இழைகள், ஆயிரக்கணக்கில். விடிந்ததும் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, நடுநடுவே குச்சி கொடுத்து, சிக்கெடுத்து, அறுந்த இழையைத் தேடி முடிந்து, வெயில் ஏறுவதற்குள் உருளையில் சுற்றி உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். எந்த வீட்டுக்குள்ளும் அத்தனை நீளம் இல்லை. தெருவுக்குத்தான் இருக்கிறது. இதற்கு யாரும் யாரிடமும் அனுமதி வாங்கியதில்லை. வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. தெரிந்தவர்கள் சுற்றிப் போவார்கள், தெரியாதவர்கள் பாவைப் பார்த்ததும் திரும்பிப் போவார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு இது குறுக்கு வழி என்று போனில் இருக்கும் வரைபடம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கும் வரை இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு ஒரு காலையில், போனைப் பார்த்துக்கொண்டே பைக்கில் வந்த ஒருவன் வசந்தாவின் பாவுக்குள் புகுந்தான். வசந்தாவும் அவள் வீட்டுக்காரர் மணியும் எங்கள் எதிர்வீடு. ஒரு பாவு வீணானால் அந்த வீட்டில் மாதக்கணக்கில் அடுப்பு இழுத்துக்கொண்டுதான் எரியும். பைக்கின் கைப்பிடியில் பட்டு இழை சிக்கி அறுபடும் சத்தம்கூடக் கேட்காது. அதுதான் கொடுமை. அவன் "சாரிக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

கண்டக்டர் கையில் டீ டம்ளரோடு வந்துகொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்காமலேயே பைக்கின் சாவியை உருவிவிட்டார்.

"எங்க கெளம்பிட்ட? எறங்கு."

"பெரியவரே, எனக்கு ஆபீசுக்கு லேட் ஆவுது."

"ஆவட்டும். அறுத்தவன் நீ. குந்தி முடி போடு."

அவனை உட்கார வைத்தார். வசந்தா சொல்லிக்கொடுக்க, அவன் இழை இழையாகப் பிடித்து முடிய ஆரம்பித்தான். பட்டு இழையைக் கண்ணால் பார்ப்பதே பெரும்பாடு, முடிவது அதைவிட. அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் போட்ட முடிகளை எல்லாம் வசந்தா மறுபடி அவிழ்த்துப் போட வேண்டியிருந்தது. இருந்தாலும் வெயில் ஏறும்வரை கண்டக்டர் சாவியைக் கொடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தெருமுனையில் காக்கிச் சட்டையில் நின்றார், கழுத்தில் விசில். யாரும் நிற்கச் சொல்லவில்லை. நிற்காதே என்று சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் தெரு ஒரு பஸ் ஆயிற்று. ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும். இரண்டு விசில் கொடுத்தால் போகலாம். நடந்து வருகிறவர்களைப் பார்த்து, "ஓரமா உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காத" என்பார். பாவின் குறுக்கே தாண்ட நினைக்கிறவர்களிடம், "முன்னாடி போய் எறங்கு" என்பார். ஸ்கூட்டரில் மூன்று பேர் வந்தால், "யாரக் கேட்டு மூணு பேரு?" என்று ஒருவரை இறக்கிவிடுவார். எங்கள் தெருவில் பால்காரர், பேப்பர்காரர், கோயிலுக்குப் போகிறவர், கோயிலிலிருந்து வருகிற சாமி எல்லோரும் இரண்டு விசில் வாங்கித்தான் நகர்ந்தார்கள். சாமியைத் தூக்கி வந்தவர்கள், "சாமிங்க, கண்டக்டரே" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். "சாமிக்கு இன்னா அவசரம், பஸ்ஸா புடிக்கப் போவுது?" என்று கேட்டார். மணி உருளையைச் சுற்றி முடிக்கும்வரை சாமி நின்றது.

ஒரே ஒரு விதிவிலக்கு ஆம்புலன்ஸ். அதற்காக எங்கள் தெருவுக்கே பயிற்சி கொடுத்திருந்தார். நீளமாக ஒரு விசில் கேட்டால், அவரவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பாவைக் குச்சியோடு பிடித்து, ஒரே சமயத்தில் ஓரச் சுவர் பக்கம் நகர்த்த வேண்டும். நகர்ந்ததும் ஆம்புலன்ஸுக்கு இரண்டு விசில். ஒரு கை பிந்தினாலும் இழை தெறிக்கும். பிந்திய கைக்கு உரியவர் அந்த வாரம் முழுக்கத் திட்டு வாங்குவார். நான் வாங்கியிருக்கிறேன். நான் பாவு பிடித்தவன்கூட இல்லை, வேடிக்கை பார்க்க வந்த தமிழ் வாத்தியார்.

இப்படி எங்கள் காலைகள் திட்டும் விசிலுமாக நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முனை வீட்டைக் கார்க்காரர் வாங்கினார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கு அது விளம்பரம். வீட்டை இடித்து மாடி மாடியாகக் கட்டினார். கறுப்புக் கார் ஏறுவதற்கென்று சிமெண்டில் ஒரு சாய்தளம் போட்டார். அது சாக்கடையைத் தாண்டி, தெருவுக்குள் நன்றாக வந்து படுத்துக்கொண்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நமக்கெதுக்கு வம்பு என்பது எங்கள் தெருவின் நிரந்தரக் கொள்கை.

முதல் நாள் காலையில் கார் கிளம்பியது. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார்.

"யாருய்யா நீ? போலீசா?"

"இல்ல."

"முனிசிபாலிட்டியா?"

"இல்ல."

"பின்ன யாரக் கேட்டு என் வண்டிய நிறுத்தற?"

கண்டக்டரின் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவருடைய கேள்வியை வேறொருவர் அவரிடம் கேட்டுவிட்டார். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். பிறகு, "பாவு முடியட்டும், போவலாம்" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. அதில் ஒரு திட்டுகூட இல்லை.

அந்த வாரமே மின்கம்பத்தில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு முளைத்தது. 'அங்கீகாரமற்ற நபர்கள் பொதுச் சாலையில் வாகனங்களைத் தடுத்து நிறுத்துவது சட்டப்படி குற்றம்.' அதற்குக் கீழே, கார்க்காரர் தானே தொடங்கித் தானே தலைவரான ஒரு நலச் சங்கத்தின் பெயர். அதற்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியும் கும்பிட்ட கையுமாக அவருடைய படம், எழுத்தைவிடப் பெரிதாக.

அன்று சாயங்காலம் கண்டக்டர் என் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"வாத்தியாரே, அங்கீகாரமற்றன்னா இன்னா அர்த்தம்?"

"அனுமதி இல்லாதன்னு அர்த்தம். சர்க்கார் ஒத்துக்காத ஆளு."

"ஒத்துக்காதன்னா? நான் அங்க நிக்கறது சர்க்காருக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினு சும்மா இருந்தா ஒத்துகினதா அர்த்தம் இல்லியா?"

"சட்டத்துல அப்படி இல்லைங்க."

"கரண்ட் கம்பத்துல போர்டு கட்டிகீறானே, அதுக்கு அங்கீகாரம் வாங்கனானா?"

"வாங்கியிருக்க மாட்டார்."

"அப்ப அந்தப் போர்டு அங்கீகாரமற்ற போர்டு."

"ஆமா."

"அங்கீகாரமற்ற போர்டு வந்து என்னிய அங்கீகாரமற்ற நபர்னு சொல்லுதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த எங்கள் பள்ளிக்கூடக் காலண்டரைப் பார்த்துக் கேட்டார். "உன் ஸ்கூலுக்கு அந்த அங்கீகாரம் கீதா?"

"புதுப்பிக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. இன்னும் வரலை."

"அப்ப நீயும் நானும் ஒரே சீட்டு. தள்ளிக் குந்து" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இந்த வார்த்தையை நான் வகுப்பில் எத்தனையோ தடவை பொருள் சொல்லி எழுதிப்போட்டிருக்கிறேன். அதன் உபயோகத்தை அன்றைக்குத்தான் யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம் வந்தது, இதை எழுதும்போதும் வருகிறது. வரைபடத்தில் இல்லாத மாடியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கட்டடம் நின்றால் அதற்கு 'விதி விலகல்' என்று பெயர். ஏரிக்குள் மனை போட்டு விற்றால், 'வரன்முறைப்படுத்தக் கோரி விண்ணப்பம் நிலுவையில் உள்ளது' என்று பெயர். கேட்பதற்கே எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் வேர்க்கடலை விற்கிறவளின் தள்ளுவண்டிக்கு மட்டும் அப்படி எந்த மரியாதையும் கிடையாது. அது 'அங்கீகாரமற்ற' வண்டி. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் வண்டியைக் கவிழ்க்கலாம், கடலையை மிதிக்கலாம், கேட்க ஆளிருக்காது. மேலே இருப்பவர்கள் மீது இந்த வார்த்தை விழுந்து நான் பார்த்ததே இல்லை.

கண்டக்டர் என்னைப் போல் யோசித்துக்கொண்டு உட்காரவில்லை. மறுநாளே வார்த்தையை எடுத்துப் புழங்க ஆரம்பித்துவிட்டார். தெருவிலிருந்த பள்ளத்தைப் பார்த்து, "அங்கீகாரமற்ற பள்ளம், பாத்து வா" என்றார். டீக்கடையில் வெங்காயம் போடாத வடையை, "இன்னாய்யா இது, அங்கீகாரமற்ற வட?" என்று திருப்பிக் கொடுத்தார். கொசு, மூட்டுவலி, குழாயில் வராத தண்ணீர், நேரங்கெட்ட நேரத்தில் கூவிய சேவல் என்று ஒன்றையும் விடவில்லை. வார்த்தை தெருவெல்லாம் பரவியது. வசந்தா ஒரு நாள் மணியைப் பார்த்து, "அங்கீகாரமற்ற மனுசா, பாலு பொங்குது பாரு" என்று கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது. சமையலில் உப்பு கூடினால் என் வீட்டில் நானே அதைச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

இதோடு நின்றிருக்கலாம். கண்டக்டருக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. ஒரு காலையில் கார்க்காரர் தன் சாய்தளத்தின் மீது நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு விசில் கேட்டது.

"எறங்கு."

"இன்னாய்யா?"

"நீ நிக்கறது அங்கீகாரமற்ற படி. சாக்கடைய மூடிகினு தெருவுல வந்துகீது. யாரக் கேட்டு போட்ட? எறங்கு கீழ."

பாவு பிடித்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கார்க்காரர் மன்னிக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் ஜீப் வந்து கண்டக்டரை ஏற்றிக்கொண்டு போனது. ஏறும்போது அவர் ஏட்டிடம், "படியில நிக்காத, உள்ள போ" என்றார்.

நாங்கள் ஒரு கும்பலாக ஸ்டேஷனுக்குப் போனோம். சப் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், தூங்கிப் பல நாள் ஆன முகம். பெஞ்சில் கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கேட்டா சொல்ல மாட்டேங்கறார். இவர் பேரு என்ன?" என்று சப் இன்ஸ்பெக்டர் எங்களைக் கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மணி தயங்கிக்கொண்டே, "கண்டக்டருங்க" என்றார்.

"பேர் கேட்டேன்."

"அதாங்க பேரு."

"இத்தனை வருஷம் உங்க தெருவுல இருக்கார், பேர் தெரியாதா? சரி, இவரை அங்க நிக்கச் சொன்னது யாரு? நீங்களா?"

இந்த இடத்தில் நாங்கள் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயும் திறந்தோம். அதற்குள் கண்டக்டர் எழுந்து நின்றார். "இவங்க யாரும் சொல்லல, சார். நானாத்தான் நின்னேன்." பொய் சொல்லி டிக்கெட் இல்லாமல் போவது அவர் பஸ்ஸில் நடக்காது.

சப் இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். வழக்கு எதுவும் போடவில்லை. விசிலை வாங்கி மேஜை டிராயரில் போட்டார். இனிமேல் தெருவில் நின்று வண்டியை மறிக்கக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார். நாங்கள் அப்பாடா என்று திரும்பினோம். அந்த அப்பாடாவை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அதன் பிறகு கண்டக்டர் தெருவுக்கு வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பார், படியைத் தாண்டிக் கால் வைக்க மாட்டார். யாரைக் கேட்டு என்று ஊரையே கேட்ட மனிதர், அனுமதி இல்லை என்றதும் அதற்குக் கட்டுப்பட்டுவிட்டார். திட்டு இல்லாத காலைகள் எங்களுக்குப் பழக்கமில்லை. பாவு பிடிக்கிறவர்கள் ஒரு கண்ணை இழையிலும் ஒரு கண்ணை முனையிலும் வைத்துக்கொண்டு, வருகிற வண்டியை எல்லாம் பார்த்து ஏ, ஏ என்று கத்தினார்கள். அந்தக் கத்தலுக்கு எந்த வண்டி நிற்கும்?

வசந்தா வீட்டில் ஒரு கல்யாணப் புடவைக்கான பாவு போட்டார்கள். அரக்குச் சிவப்பு. முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் நெருக்கித் தறி ஏற்ற வேண்டிய வேலை. கார்க்காரர் சாய்தளத்திலிருந்து காரைப் பின்பக்கமாக எடுத்தார். பாவு போட்டிருப்பது அவருக்குத் தெரியும். நான்கு பேர் கத்தினோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். பின்சக்கரம் இழைகளைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. பாவில் கால்வாசி அறுந்து தெருவில் கிடந்தது. அவர் இறங்கிப் பார்த்தார். "ரோட்ல போட்டா அப்படித்தான் ஆவும்" என்றார். சக்கரத்தில் சுற்றிய பட்டைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்துவிட்டுப் போனார்.

வசந்தா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கண்டக்டர் தன் வாசற்படியில் எழுந்து நின்றிருந்தார். கை விசிலைத் தேடிக் கழுத்துக்குப் போய்ப் போய் வந்தது.

"கண்டக்டரே, பாத்துகினே நிக்கறீங்களே" என்றாள் வசந்தா.

"எனக்கு அங்கீகாரம் இல்லம்மா" என்றார்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.  வசந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு, மணியிடம், "பாவச் சுத்து" என்றாள். "சுத்தி, குச்சியெல்லாம் எடுத்துகினு வா. இத முடியறதுக்கு இடம் வோணும்."

"இன்னிக்கு இங்க போட முடியாதே. மறுபடி எவனாவது வருவான்."

"இங்க யாரு போடச் சொன்னா? அங்கீகாரம் கீற ஆளுங்க எடத்துல போடலாம், வா."

அரைமணி நேரத்தில் எங்கள் தெரு மொத்தமும் ஸ்டேஷன் வாசலில் இருந்தது. பாவின் ஒரு முனையை ஸ்டேஷன் கேட்டுக் கம்பியில் கட்டினார்கள், மறு முனையை எதிர்ப்பக்கம் தள்ளியிருந்த வேப்பமரத்தில். அரக்குச் சிவப்பு பட்டு, ரோட்டின் குறுக்கே இழுத்துப் பிடித்தபடி நின்றது. பெண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அறுந்த இழைகளை நிதானமாக முடிய ஆரம்பித்தார்கள். கோஷம் கிடையாது, கூச்சல் கிடையாது. பஸ் ஒன்று வந்து நின்றது. அதன் பின்னால் லாரி, ஆட்டோ, பள்ளிக்கூட வேன். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

ஏட்டு ஓடிவந்து பாவின் மேல் கை வைக்கப் போனார்.

"தொடாதீங்க சார்" என்றாள் வசந்தா. "கல்யாணப் பொண்ணு கட்டப்போற பட்டு. அறுந்தா நீங்கதான் குந்தி முடி போடணும்."

ஏட்டு கையை இழுத்துக்கொண்டார். அதை அவிழ்க்கவும் தெரியவில்லை, அறுக்கவும் மனம் வரவில்லை. சப் இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். ஜீப் கேட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது? யாரைக் கேட்டு இங்க போட்டீங்க?"

"யாரையும் கேக்கல சார். எங்க தெருவுலயும் யாரையும் கேட்டதில்ல. அங்க வண்டிய நிறுத்த ஆளு இருந்தாரு, நீங்க வோணாம்னுட்டீங்க. இங்கதான் அங்கீகாரம் உள்ளவங்க நெறைய பேரு கீறீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் வண்டிங்கள நிறுத்துங்க சார். தெனம் காலைல இங்கயே வந்துடறோம்."

அதற்குள் பைக்கில் ஒருவன் நெரிசலில் புகுந்து பாவை நோக்கி வந்தான். சப் இன்ஸ்பெக்டரின் வாயிலிருந்து தானாக வந்தது. "ஏய், நிறுத்துடா. பாவு போட்டிருக்காங்க, கண்ணு தெரியலை?"

அதோடு மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம் நிறுத்தினால் மறுபக்கம் இன்னொருவன் வந்தான். மறுபக்கம் ஓடினால் இந்தப் பக்கம் நுழைந்தான். லாரிக்காரர் ஒருவர் அவரிடமே, "எம்மா நேரம் சார் நிக்கறது, பேஜாரா கீது" என்று சண்டைக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கார்க்காரரின் கறுப்புக் காரும் வந்து ஹாரன் அடித்தது. சப் இன்ஸ்பெக்டர் அதன் பானெட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கைக்கு நான் மனதுக்குள் மாலை போட்டேன்.

பெண்கள் கடைசி இழையை முடிந்து எழுந்தபோது அவர் உள்ளே போய் டிராயரைத் திறந்து விசிலை எடுத்துவந்தார். வசந்தாவின் கையில் கொடுத்தார்.

"அவரையே நிக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அப்ப அவருக்கு அங்கீகாரம்?" என்று நான் கேட்டேன். வாத்தியார் புத்தி.

"அதெல்லாம் கேக்காதீங்க சார். கேட்டா குடுக்க முடியாது."

விசிலோடு கண்டக்டர் வீட்டுக்கு ஊர்வலமாகப் போனோம். அவர் சந்தோஷப்படுவார், கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தோம். நடந்ததை எல்லாம் வாசற்படியில் நின்றபடியே கேட்டார். முகம் சிவந்தது.

"ஸ்டேஷன் வாசல்ல பாவு போட்டீங்களா? பஸ்ஸு போற ரோட்ல? ஆம்புலன்ஸ் வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? அறிவு கீதா? யாரக் கேட்டு போட்டீங்க?"

அரைமணி நேரம் திட்டினார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினோம். அவ்வளவு நன்றாக அதற்கு முன் அவர் திட்டியதில்லை. திட்டி முடித்து, விசிலைச் சட்டையில் துடைத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிலிருந்து தெருவில் இறங்கினார்.

சாய்தளம் இன்னும் அங்கேயே இருக்கிறது. வரன்முறைப்படுத்த விண்ணப்பம் போட்டிருக்கிறார்களாம். எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

போன மார்கழியில் கண்டக்டருக்கு மூச்சு இழுத்தது. மணி அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கிளம்பும்போது விசிலைக் கழற்றி வசந்தாவிடம் கொடுத்து, "பத்திரமா வெச்சிரு. யாரும் ஊதக் கூடாது" என்றார். அவள் அதைச் சாமி படத்துப் பக்கத்தில் மாட்டி வைத்தாள்.

ஒரு விடியலில் பாவு போட்டிருந்தபோது தெருமுனையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மணியின் போனில் சார்ஜ் இல்லாததால் எங்களுக்குச் செய்தி முன்கூட்டி வரவில்லை. வண்டியிலிருந்து இறங்கிய மணியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.  யாரும் விசில் கொடுக்காமலே பாவைப் பிடித்து ஓரமாக நகர்த்தினோம். ஒரு கைகூடப் பிந்தவில்லை. நானும் பிடித்திருந்தேன். வழி திறந்திருந்தும் ஆம்புலன்ஸ் நகரவில்லை. டிரைவர் ஆரணிக்காரர். இரண்டு விசில் கேட்காமல் அந்த முனையைத் தாண்டி அவருக்குப் பழக்கமில்லை.

வசந்தா வீட்டுக்குள் போய் விசிலை எடுத்துவந்தாள். அதை முந்தானையில் துடைத்தாள். பிறகு இரண்டு விசில் கொடுத்தாள். வண்டி மெதுவாக உள்ளே வந்தது.

இப்போது காலையில் முனையில் வசந்தா நிற்கிறாள். அவளுக்கும் அனுமதி கிடையாது. எனக்கு இப்போதும் கோபம் தீரவில்லை. சாய்தளத்தின் மேல், கார்க்காரர் மேல், அந்த வார்த்தையின் மேல் எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்டக்டர் மேல்தான். தெருமுனையைத் தாண்டும்போது தினமும் அவரிடம் கேட்கிறேன். யாரக் கேட்டுப் போனீங்க, கண்டக்டரே?